இராசநாயகம் அண்ணை எழுதாத ஒரு சொல்

கந்தசஷ்டியின் மூன்றாம் நாள் காலை, செய்தி வந்தபோது எங்கள் விறாந்தையில் நான்கு பேர் இருந்தோம். நான், என் கணவர், வெங்காய விதை கேட்டு வந்திருந்த அவருடைய தமையன் சின்னையா அத்தான், கடிதம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற தபாற்காரர். ஐந்தாவதாக வந்தவர் இராசநாயகம் அண்ணையின் மருமகன், மகள் வசந்தியின் கணவர். சைக்கிளைப் படலையோடு சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றே சொன்னார்.

"மாமா விடியக்காலமை மோசம் போயிட்டார்."

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாட்கள் கிடந்தவர். எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. சின்னையா அத்தான்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஆர், எங்கடை பாவக் கிளாக்கரோ? பாவம், ஒருத்தருக்கும் தீங்கு நினையாத மனுசன்."

"ஓம், பாவக் கிளாக்கர்தான்" என்றார் தபாற்காரர். "இந்தப் பக்கத்திலை அவருக்குத்தான் கடிதம் கனக்க வாறது. சஷ்டியிலை போறதெண்டால் குடுத்து வைச்சவர்."

நான் எழுந்து உள்ளே போனேன். அழத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்தப் பட்டப்பெயரைக் காதால் கேட்க முடியாமல்தான் போனேன். கலை விமர்சகர் இராசநாயகம் பதினாறு வருடம் சுமந்த பெயர் அது. ஊர்தான் அதை வைத்தது என்று இந்த நினைவு மலரை வாசிக்கிற நீங்கள் எல்லாரும் நினைத்திருப்பீர்கள். அவர் எழுதிய ஒரு சொல்லை நான் மாற்றியதால் வந்த பெயர். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் இதே மலரில் எழுதியிருப்பார்கள்.

அண்ணை என்று நான் கூப்பிட்டாலும் அவருக்கும் எங்களுக்கும் இரத்த உறவு கிடையாது. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, கொழும்புக் கந்தோரில் கிளாக்கராக இனி இருந்து பயனில்லை என்று முன்கூட்டியே பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அங்கே இருந்தபோது இங்கிலீசுப் பத்திரிகைகளில் சித்திரக் கண்காட்சிகளைப் பற்றி எழுதியவர். புதுவிதமாகக் கீறத் தொடங்கியிருந்த ஓவியர்களைப் பார்த்துச் சனம் சிரித்த காலத்தில், சிரிக்க முதல் கொஞ்சம் நின்று பாருங்கள் என்று எழுதிய சிலரில் ஒருவர் என்று சொல்லுவார்கள். ஊருக்கு வந்த பிறகு, இனித் தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். பட்டினத்து வாரப் பத்திரிகை ஒன்று இடம் கொடுத்தது. ஆனால் அவருடைய கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி. அச்சுக்கோப்பவர் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போதுதான் என் கணவர், "எங்கடை வீட்டிலை ஒரு எழுத்துக்காரி இருக்கிறா, அவவிட்டைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மிச்சமெல்லாம் பதிகங்களைக் கொப்பியில் பார்த்தெழுதி நானாகப் பழகியது. எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் தருகிற கட்டுரையைப் படியெடுத்து, தபாலில் சேர்த்து, ஒரு பெரிய சீ.ஆர். கொப்பியில் பதிந்து வைப்பேன். தலைப்பு, பக்கம், அனுப்பிய நாள், திருத்தம் என்று நான்கு நிரல்கள். திருத்தம் என்ற நிரலில், அவர் எழுதியதில் எனக்கு விளங்காமல் போய் அவரைக் கேட்டு மாற்றிய சொற்களைக் குறிப்பேன். மூலத்தை எனக்கே தந்துவிடுவார். "நல்ல பிரதி போனாப் பிறகு உது குப்பைதானே" என்பார். நான் ஒன்றையும் எறியவில்லை.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும். கண்காட்சிக்குப் போய்வந்த அன்று எழுதமாட்டார். முதலில் பூமணி அக்காவையும், அதாவது அவருடைய மனைவியையும், என்னையும் இருத்திவைத்துப் படத்தைச் சொல்லுவார். நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. "இடப்பக்கத்து மூலையிலை ஒரு கறுப்பு. அடுப்புக் கரியில்லை, மழையிலை நனைஞ்ச பலகைக் கறுப்பு" என்று ஆரம்பித்து நீளமாகச் சொல்லிக்கொண்டு போவார். பிறகு திடீரென்று, "இப்ப சொல்லும் பாப்பம், மஞ்சள் எங்கை கிடந்தது?" என்று என்னைக் கேட்பார். நான் சரியாகச் சொன்னால் எழுத உட்காருவார். பிழைத்தால், "உம்மிலை பிழையில்லை. நான் இன்னும் பாக்கேல்லை" என்று அடுத்த நாள் பஸ் ஏறிப் பட்டினத்துக்குப் போய்த் திரும்பவும் பார்த்துவிட்டு வருவார்.

"இந்தாளுக்கு அரசாங்கம் பென்சன் குடுக்கிறது பஸ் ஏறத்தான்" என்பா பூமணி அக்கா.

ஒரு நாள், சாயத்தைக் கத்தியால் எடுத்துத் திட்டுத் திட்டாக வைத்துத் தேய்த்திருக்கிற ஒரு படத்தைச் சொன்னார். அதற்கு இங்கிலீசில் சொல் இருக்கிறதாம், தமிழில் இல்லையாம். "அப்பியிருக்கு எண்டு சொன்னால் என்ன அண்ணை? சுவருக்குச் சாந்து அப்புறேல்லையே" என்றேன். உடனே பூமணி அக்காவின் பக்கம் திரும்பினார். "பாருமன், பூமணி. கொழும்பிலை இத்தனை வருசம் உந்தச் சொல்லைத் தேடினனான். கிணத்தடியிலை கிடந்திருக்கு." அடுத்த கிழமைப் பத்திரிகையில் அந்தச் சொல் வந்தது. என் சொல் அச்சில் வந்ததை நான் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வடிவு என்ற சொல்லை மட்டும் அவர் கட்டுரைக்குள் விடமாட்டார். "வடிவாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போறது, படலையிலை நிண்டு சுகம் கேட்டுட்டுப் போறது மாதிரி. உள்ளுக்கு வந்து இருந்து கதையும்" என்பார்.

பாவம் என்ற சொல் அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கே இருந்தேன். அளவெட்டியில் ஒரு கோயில், பகல் திருவிழா, நாதஸ்வரம் நடக்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "பாவம், பாவம், என்ன பாவம்" என்று தலையை ஆட்டினார். நான் மெல்ல, "அண்ணை, உவர் ஆரைப் பாவம் எண்டுறார்? ஊதுறவருக்கு ஏலாமல் போச்சோ?" என்று கேட்டேன். அண்ணை சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

வரும் வழியில் விளங்கப்படுத்தினார். "மூண்டு பாவம் இருக்கு, தங்கச்சி. ஒண்டு செய்யக்கூடாதது. ஒண்டு இரக்கப்படுறது. மற்றது, உள்ளுக்கை கிடக்கிறது வெளியிலை வந்து தெரியிறது. சங்கீதக்காரர் சொல்லுறது அதைத்தான். எழுதினால் மூண்டும் ஒரே எழுத்து. வாசிக்கிற ஆளின்ரை மனசு எப்பிடியோ, அப்பிடித்தான் வாசிக்கும்." பிறகு, படங்களுக்கும் இந்தச் சொல் பொருந்தும், நல்ல படம் ஒன்று வரட்டும் பார்க்கலாம் என்றார். ஆகவே அந்தச் சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அந்த நல்ல படம் இரண்டு வருடம் கழித்து வந்தது. பட்டினத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. கீறியவர் கிரேஸ் டீச்சர். பருத்தித்துறைப் பக்கத்து மெதடிஸ்த வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். "இதை உங்களுக்குச் சொல்லிக் காட்ட என்னாலை ஏலாது. வந்து பாருங்கோ" என்று பூமணி அக்காவையும் என்னையும் அண்ணை கூட்டிக்கொண்டு போனார். நான் என் சீவியத்தில் பார்த்த முதல் கண்காட்சி அது.

பாய் அகலத்தில் ஒரு படம். பெயர் "அடியழித்தல்." செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்ந்துகொண்ட பெண்கள் தொண்டைமானாற்றில் முழுகி, ஈரச் சேலையோடு மணலில் விழுந்து கும்பிட்டு, விழுந்த இடத்தில் கையால் கோடு போட்டு, எழும்பி அந்தக் கோட்டில் நின்று திரும்ப விழுந்து, இப்படியே வீதியைச் சுற்றுவார்கள். அதைக் கால்மாட்டில் நின்று பார்க்கிறமாதிரிக் கீறியிருந்தார். உள்ளங்கால் இரண்டும் முன்னுக்குப் பெரிதாக, மண் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதற்கு அப்பால் உடம்போடு ஒட்டிய ஈரச் சேலை. முகம் தெரியாது. சேலையில் மாம்பழ மஞ்சளில் இரட்டைக் கரை.

அதற்கு முதல் வருடம் என் இரண்டாவது மகன் நெருப்புக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தான். ஆவணித் திருவிழாவில் நான் சந்நிதியில் அடியழித்தேன். என் சேலைக்கும் மாம்பழ மஞ்சளில் இரட்டைக் கரை. அந்த வருடம் அந்தச் சேலை எத்தனையோ பேரிடம் இருந்தது. அது நான்தான் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அந்த மண்டபத்தில் நின்றபோது என் உடம்பு முழுக்கக் கூசியது. பக்கத்தில் நின்ற இரண்டு இளந்தாரிகள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் வேறு எதற்கும் சிரித்திருக்கலாம்.

கிரேஸ் டீச்சர் கிட்ட வந்து, "அக்கா, எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். தான் கீறிய படத்தைப் பற்றி அவர் என்னை மதித்துக் கேட்டார்.

"வடிவாயிருக்கு" என்றேன்.

அண்ணை அன்று வழக்கத்துக்கு மாறாக வீட்டுக்குப் போனவுடனே எழுதினார். அடுத்த நாள் காலையில் நான் முழுகி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் படியெடுக்க உட்கார்ந்தேன். அவர் எழுதியிருந்தது இது. "அடியழித்தல் பாவம் நிறைந்த படம். முகம் காட்டாத அந்தப் பெண்ணின் உள்ளங்காலில்கூட அது இருக்கிறது. இதைக் கீறத் துணிவு வேண்டும். பார்த்தவர் இலகுவில் மறக்கமாட்டார்."

நான் பாவம் என்று எழுதவில்லை. பாபம் என்று எழுதினேன்.

கோயில் புத்தகங்களில் செய்யத் தகாததைப் பாபம் என்றுதான் போட்டிருக்கும். அந்த எழுத்தில் எழுதினால் வேறு பொருள் கொள்ள வழியில்லை. பேனை தவறவில்லை. எழுதுகிறபோது, வாசிக்கிற சனத்துக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அதை நான் நம்பினேன் என்றும் சொல்லலாம். ஆனால் கொப்பியைத் திறந்து நான்கு நிரலையும் நிரப்பியபோது, திருத்தம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். தெளிவுக்காகச் செய்தவள் அப்படி எழுதமாட்டாள். அந்தக் கொப்பியில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

அண்ணை என் பிரதியைப் பார்ப்பதை அதற்கு முதலே விட்டிருந்தார். "நீர் எழுதினால் நான் பாக்கத் தேவையில்லை" என்பார். நானே தபாலில் போட்டேன்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் கிரேஸ் டீச்சர் அண்ணை வீட்டுக்கு வந்தார். நான் பூமணி அக்காவோடு மா அரித்துக்கொண்டிருந்தேன். வந்தவர் கதிரையில் இருக்கவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றார்.

"ஐயா, படம் கூடாதெண்டால் கூடாதெண்டு எழுதியிருக்கலாம். பாபம் எண்டு ஏன் எழுதினனீங்கள்? கோயில் ஆக்கள் சொல்லுகினம், வேதக்காரி வந்து எங்கடை பெண்டுகளைக் கீறிப்போட்டாள் எண்டு. எங்கடை ஆக்கள் சொல்லுகினம், உனக்கு அந்தக் கோயிலடியிலை என்ன வேலை எண்டு. அப்பா ஒண்டும் கதைக்கிறாரில்லை. பள்ளிக்கூடத்திலை விளக்கம் கேட்டிருக்கினம். படத்தைக் கழட்டிப்போட்டினம்."

அண்ணை ஒன்றும் விளங்காமல் நின்றார். அவர் அன்றைக்குத்தான் பத்திரிகையை விரித்தாரோ தெரியாது. மேசையில் இருந்ததை எடுத்துக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றாமல் என் பக்கம் திரும்பினார். நான் அரிதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிக்க மா முடிந்திருந்தது, வெறும் அரிதட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை" என்றார் அவர் கிரேஸ் டீச்சரிடம். "நான் எழுதினது உதில்லை. ஆனால் என்ரை பேரிலை வந்திருக்கு. அதாலை பிழை என்ரை. திருத்தம் போடுவிக்கிறன்."

"பின்னை ஆர் எழுதினது?"

"என்ரை பேரிலை வந்திருக்கு" என்று திரும்பவும் சொன்னார்.

கிரேஸ் டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் அண்ணையை நம்பவில்லை. எழுதிவிட்டு இப்போது மழுப்புகிறார் என்று நினைத்தார். அது அவருடைய முகத்தில் தெரிந்தது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மாவை மூடிவைத்துவிட்டு, "நான் வாறன் அக்கா" என்று பூமணி அக்காவுக்குச் சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

திருத்தம் அடுத்த கிழமை வந்தது. மூலையில் இரண்டு வரி. "சென்ற இதழில் 'பாபம்' என்று இருப்பதைப் 'பாவம்' எனத் திருத்தி வாசிக்கவும்." அவ்வளவுதான். அண்ணை ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தாராம். இடமில்லை என்று பத்திரிகைக்காரர் அதை வெட்டிவிட்டார்கள்.

அன்று சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு நின்றபோது ஒருவர் அதை உரத்து வாசித்தார்.

"உதிலை என்ன திருத்தம் கிடக்கு? செத்தல் மிளகாய் எண்டதைக் காய்ஞ்ச மிளகாய் எண்டு வாசிக்கட்டாம்."

"இல்லையடாப்பா, பாபம் எண்டால் பெரிய பாவம். பாவம் எண்டால் சின்னப் பாவம். கிளாக்கர் தண்டனையைக் குறைச்சிருக்கிறார்."

"பாவம் கிளாக்கர்" என்றார் சாமான் நிறுத்தவர், தராசைப் பார்த்தபடியே.

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்தப் பெயர் பிறந்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

கிரேஸ் டீச்சர் அதற்குப் பிறகு கண்காட்சி வைக்கவில்லை. வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போனார், பிறகு கலியாணம் செய்தார், கீறுவதில்லை என்று கேள்விப்பட்டோம். அண்ணை அவருக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டையும் படியெடுக்க என்னிடம் தரவில்லை, தன் கோழிக்கால் எழுத்திலேயே அனுப்பினார். பதில் வரவில்லை.

மற்றக் கட்டுரைகளை வழமைபோல என்னிடம்தான் தந்தார். ஒரு மாற்றம் மட்டும் வந்தது. நான் படியெடுத்துக்கொண்டு போனதும், "எங்கை, வாசியும் கேப்பம்" என்பார். நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரத்து வாசிக்கவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பதினாறு வருடம் அப்படி வாசித்தேன். பூமணி அக்கா அதைத் தேவாரம் ஓதுகிறது என்று பகிடி பண்ணுவா. எனக்கு அது என்னவென்று தெரியும், அவருக்கும் தெரியும். பாவம் என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு எந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை. உயிர்ப்பு என்று எழுதிப் பார்த்தார், மெய்ப்பாடு என்று எழுதிப் பார்த்தார். "வரேல்லை" என்று சொல்லி அடித்தும் விட்டிருக்கிறார்.

எழுபதுகளில் பட்டினத்தில் கீறுகிறவர்களும் எழுதுகிறவர்களும் மாறிவிட்டார்கள். தாடி வைத்த பிள்ளைகள் வந்தார்கள். சாக்கைக் கிழித்துச் சட்டத்தில் அடித்தார்கள், சுவரில் ஒட்டும் படங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள். அண்ணை வயதான காலத்திலும் பஸ் ஏறிப்போய் அந்தச் சாக்குக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் கதிரை போட்டிருந்துவிட்டு வந்தார். "விளங்கேல்லை எண்டு எழுத வெக்கப்படக் கூடாது, தங்கச்சி. விளங்கினமாதிரி எழுதத்தான் வெக்கப்படவேணும்" என்று சொல்லி, விளங்காத இடங்களையும் விளங்கிய இடங்களையும் பிரித்து எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கு அவரைப்போல ஒருவர் தேவைப்பட்டிருப்பார். ஆனால் அவரைப் பற்றி அவர்கள் கேட்டு வைத்திருந்தது ஒன்றே ஒன்று. ஒருதரம் மூன்று பேர் விமர்சனக் கூட்டம் ஒன்றுக்கு அழைப்புக் கொடுக்க வந்தார்கள். பேசுவதற்கு அல்ல, வந்து இருப்பதற்கு. அதில் ஒரு தம்பி, "ஐயா படத்திலை பாவ புண்ணியம் பாக்கிறவர் எண்டு கேள்விப்பட்டம்" என்று சிரித்தான்.

"பாவம் பாத்தது உண்மைதான், தம்பி" என்றார் அண்ணை. "நான் பாத்தது வேறை பாவம்."

அவர்களுக்கு அது விளங்கவில்லை. பழங்காலத்து மனிதர் ஏதோ சொல்லுகிறார் என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் முதல் புதிய படங்களுக்காக நின்றவர், புதிய படங்களுக்கு எதிரி என்ற பெயரோடு அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தார். அந்தத் தம்பிமார் குடித்துவிட்டுப் போன கோப்பைகளை நான் வாசற்படியில் நின்று பொறுக்கினேன்.

முருகனிடம் நான் சொன்னேன். ஒவ்வொரு சஷ்டிக்கும் சொன்னேன். அது சுலபம், அவர் திருப்பி ஒன்றும் கேட்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள் நான் கஞ்சி கொண்டு போனேன். பூமணி அக்கா முகம் கழுவப் போயிருந்தா. அண்ணை நன்றாக இளைத்திருந்தார், ஆனால் பேச்சுத் தெளிவாக இருந்தது. கஞ்சியை இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

"அந்தக் கிரேஸ் பிள்ளையின்ரை கட்டுரை. நான் 'வ'வை வடிவா எழுதேல்லைப் போலை. உமக்கு 'ப' மாதிரித் தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் அவர் அதைப் பற்றி என்னோடு கதைத்தது அன்றுதான். நான் சொல்லியிருக்கலாம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"ஓம் அண்ணை" என்றேன்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்து, அந்த மூலத்தைத் தேடி எடுத்தேன். அண்ணையிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக ஒரு சொல்லைக் கட்டுரைக்குள் கொண்டுவருகிறபோது, படியெடுக்கிற நான் தடுமாறக் கூடாதென்று, அதை மட்டும் பெரிதாக எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுவார். பாவம் என்ற சொல் அந்தத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. கண் தெரியாதவரும் அதிலுள்ள 'வ'வைப் 'ப' என்று வாசிக்கமாட்டார். அது அவருக்கு நினைவில்லாமல் போயிருக்காது. நான் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வழி விட்டார். நான் சொல்லாததால் அந்தப் பொய்யையும் எனக்காகத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

இந்த மலரைத் தொகுக்கிற வசந்தி, தகப்பனின் கட்டுரைகளையும் தனிப் புத்தகமாகப் போடுகிறாள். மூலங்களைக் கேட்டு வந்தபோது, அந்தத் தாளை முதலில் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ மாமி?"

"தெரியாது. இனித் தெரியும்."

"இதை ஏன் இப்ப சொல்லுறியள்? அப்பா இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே."

"மலருக்கு எழுதித் தாங்கோ, ஒரு சொல்லும் வெட்டாமல் போடுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவது குறைவு. அது நியாயம்தான்.

அண்ணையிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எதை எழுதினாலும் முடிவில் உரத்து வாசிக்கிறேன். இதையும் வாசித்தேன். என் கணவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அனுப்பு" என்றார்.

கிரேஸ் டீச்சர், இந்த மலர் ஒன்றைப் பருத்தித்துறையில் உங்கள் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அண்ணை உங்கள் படத்தைப் பாபம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஆகப் பெரிய சொல்லை அதற்குக் கொடுத்தார். மறைத்தவள் நான். நீங்கள் கீறாமல் விட்ட வருடங்களை என்னால் திருப்பித் தர முடியாது. மன்னிப்புக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை.

பதில் வேண்டியது இதற்கு. உங்களைப் பற்றிய அந்தக் கட்டுரையை, அண்ணை எழுதியபடி, அவருடைய கையெழுத்துத் தாளின் படத்தோடும் என் பிழையைச் சொல்லும் ஒரு குறிப்போடும் புத்தகத்தில் சேர்க்கலாமா? உங்கள் பெயர் இன்னொரு முறை அச்சில் வருவது உங்களுக்கு விருப்பமில்லையென்றால் விட்டுவிடுவோம். அந்தப் படம் உங்களிடம் இன்னும் இருந்தால் அதையும் எழுதுங்கள். வசந்தியின் கணவர் வந்து புகைப்படம் எடுப்பார். நீங்கள் சொல்லாமல் அந்தப் பக்கத்தைக் கோக்கவேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லியிருக்கிறோம். தைப்பூசம் வரைதான் பொறுப்பார்களாம். தயவுசெய்து கெதியாகப் பதில் எழுதுங்கள்.

மங்கையர்க்கரசி